இது கை கழுவும் இடம் அல்ல: பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத்து ஆலைகளில் பணிபுரியும் பாதுகாப்பு அலுவலர்களுக்கு,



உங்கள் ஆலைச் சுவர்களில் இருக்கும் படங்களில் கணிசமானவை என் கையால் ஒட்டப்பட்டவை. முன்பு எனாமல் பெயிண்டும் பிரஷ்ஷுமாகச் சாரத்தில் ஏறி எழுதினேன். இப்போது வினைல், ரேடியம் ஸ்டிக்கர், சன் போர்டு என்று காலம் மாறிவிட்டது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் நெருங்கும்போது உங்களிடமிருந்து பட்டியல் வரும். பெரும்பாலும் போன வருடப் பட்டியலேதான். அளவைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்வீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுவீர்கள். நானும் அடித்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு அது வருமானம், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் படங்களைத் தொழிலாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை ஒட்டுகிற இடத்திலேயே நின்று கேட்கும் வாய்ப்பு உங்களைவிட எனக்கு அதிகம். கேட்டதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு பிளேட்டிங் ஆலை. அமிலத் தொட்டிக்கு அருகே சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளிம்பு போட்ட சாய்சதுரம், வெள்ளைத் தரை, கறுப்பு உருவம். சாய்ந்த இரண்டு குழாய்களிலிருந்து ஏதோ சொட்டுகிறது. ஒரு குழாயின் சொட்டு ஒரு கட்டையின் மேல் விழுகிறது, மற்றதன் சொட்டு ஒரு கையின் மேல். 'அரிக்கும் பொருள்' என்பதற்கான படம் அது. ஐ.நா. 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறையில் உள்ள ஒன்பது ரசாயன அபாயப் படங்களில் ஒன்று. பக்கத்தில் ஜிக்கில் பாகங்களை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏண்ணா, கை கழுவுற எடத்த இங்க மாத்திட்டாங்களா?"

கேளமங்கலம் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்தவர், தமிழ் படிக்கத் தெரிந்தவர், வேலைக்குப் புதிது. அவர் படித்ததில் பிழையே இல்லை. சொட்டுகிற நீர், அதன் கீழே ஒரு கை. கை அரிக்கப்படுவதைக் காட்டும் சின்னக் கோடுகள் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. அதே ஆலையின் கேன்டீனில் நான் ஒட்டியிருந்த கை கழுவும் படத்திலும் குழாய், சொட்டு, கை, இவ்வளவுதான். சிவப்பு விளிம்பு இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். சிவப்பு விளிம்பென்றால் ஆபத்து என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்டக்‌ஷன் வகுப்பில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். வகுப்பு நடந்தது, ஹெல்மெட்டும் ஷூவும் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்றார்.

அமெரிக்காவில் பாதுகாப்புப் படங்களுக்கென ஆன்சி இசட்535.3 என்றொரு தரநிலை இருக்கிறது. ஒரு படத்தைச் சுவரில் ஏற்றுமுன் ஆட்களிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்கிறது அது. நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். நேர்மாறாகப் புரிந்துகொள்பவர்கள் நூற்றுக்கு 5 பேரைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது கணக்கைத் தனியாக வைத்த ஆளை மனதாரப் பாராட்டுகிறேன். படம் புரியாதவர் தயங்குவார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். தப்பாகப் புரிந்துகொண்டவர் தயங்காமல் கையை நீட்டுவார். கருவில் இருந்த குழந்தைகளின் கைகால்களை முடக்கிய தாலிடோமைடு மாத்திரையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பின்னாளில் பிரேசிலில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்பதற்காக உறையில் கர்ப்பிணி உருவத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு அச்சிட்டார்கள். அதைப் பார்த்துக் கருத்தடை மாத்திரை என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கர்ப்பிணி மேல் கோடு, அதாவது கர்ப்பம் வராது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர்கள் படித்ததும் நியாயம்தான்.

நிறத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்தில் இதுதான் பெரிய குழப்பம்.

உங்கள் ஆலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் இராயக்கோட்டைத் தக்காளிக் காட்டிலிருந்தும் பாகலூர் ரோஜாக் குடில்களிலிருந்தும் வருகிறவர்கள். வீட்டுத் திண்ணையில் பூச்சிமருந்து டப்பா இருக்கும். அதன் மேல் இருக்கும் சாய்சதுரத்தைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி போடப்படுவது அது. கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்த படி, நீலம் நடுத்தரம், பச்சை இருப்பதிலேயே குறைந்த நஞ்சு. நாலுமே விஷம்தான். ஏறி இறங்குவது விஷத்தின் அளவு மட்டும். அதே பிள்ளை மறுநாள் காலை ஷிப்டுக்கு உங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் பச்சை என்பது தப்பிக்கும் வழி, முதலுதவிப் பெட்டி. நீலம் என்றால் 'இதைக் கட்டாயம் செய்', கண்ணாடி போடு, கையுறை போடு. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு இருந்தால் செய்யாதே. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பைப்லைன் இருக்கிறது. அங்கே இந்தியத் தரநிலை 2379 வேறு கணக்குப் போடுகிறது: தண்ணீர் கடல்பச்சை, காற்று வான்நீலம், அமிலம் அடர் ஊதா, வாயு மஞ்சள். வெல்டிங் பகுதியில் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலீன் மெரூன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சரியானதே, யாரும் தப்பாக வைக்கவில்லை. ஆனால் இத்தனை நிறக் கணக்குகளுக்கு நடுவே ஒரே ஆள் எட்டு மணி நேரம் நடமாடுகிறார். எந்தக் கதவைத் தாண்டினால் எந்தக் கணக்கு என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற ஊர் இது. மஞ்சளைப் பார்த்ததும் இங்கே மனம் முதலில் மங்கலத்துக்குத்தான் போகும். அறுபதுகளின் கடைசியிலிருந்து தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தை ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த வடிவம் குடும்பக் கட்டுப்பாடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்ட வேண்டும் என்று அந்தப் பிரசாரத்தை வடிவமைத்தவர் தீப் தியாகி. எட்டியது. ஏனென்றால் முக்கோணம் தனியாக வரவில்லை. கூடவே நர்ஸம்மா வந்தார், மேளம் வந்தது, ஊர் ஊராகப் படம் காட்டினார்கள், வானொலியில் சொன்னார்கள். ஒரு முக்கோணத்துக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொல்லிச் சொல்லி நாடே அதை ஏற்படுத்திக்கொண்டது.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இடும்போது, அபாய ஸ்டிக்கரின் மேலேயே பொட்டு வைத்திருப்பார்கள். ஸ்டிக்கர் கெட்டுவிட்டது என்று என்னை மாற்றக் கூப்பிடுவீர்கள். அந்தப் பொட்டைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். இதற்குள் ஒரு சக்தி இருக்கிறது, இதனிடம் பயபக்தியோடு இருக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் தாங்களே வைத்த குறி அது. அந்த மஞ்சள் முக்கோணம் சொல்ல நினைத்ததும் அதைத்தான்.

சார்லஸ் பியர்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு தத்துவவாதி இருந்தார், 1839இல் பிறந்து 1914இல் மறைந்தவர். குறிகள் மூன்று விதமாகப் பொருள் தரும் என்றார். பொருளைப் போலவே தோற்றம் கொண்டிருப்பது ஒன்று. பொருளின் விளைவாகவோ சுவடாகவோ இருப்பது இன்னொன்று. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதாக நம் தர்க்க நூல்கள் சொல்லும் உதாரணம் இந்த வகை. மூன்றாவது, தோற்றத்திலும் சம்பந்தமில்லாமல் சுவடாகவும் இல்லாமல், பழக்கத்தாலும் உடன்பாட்டாலும் மட்டுமே பொருள் பெறுவது. உங்கள் தொழிலாளர்கள் இரண்டாம் வகையில் நிபுணர்கள். பவர் பிரஸ்ஸில் கிளட்ச் விழும் சத்தம் ஒரு நூல் பிசகினாலும் ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும். கூலன்ட் வாடை மாறினால், தரையில் ஹைட்ராலிக் ஆயில் மினுங்கினால், பேரிங் சூடேறினால், நீங்கள் வருமுன்பே அவர் மெஷினை நிறுத்தியிருப்பார். அவருக்குக் குறி படிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோளாறு நம் பக்கம். நாம் சுவரில் ஒட்டும் படங்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை முதல் வகை என்று நம்பி, 'பார்த்தாலே தெரியுமே' என்று ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இதை நன்றாக உணர்ந்து வேலை செய்தவர்களும் உண்டு. உயிரியல் அபாயத்துக்கான படத்தை 1966இல் டௌ கெமிக்கல் நிறுவனத்தின் சார்லஸ் பால்ட்வினும் அவரோடு இருந்தவர்களும் தேர்ந்தெடுத்தபோது, பார்த்தவர் மனதில் அது பதிய வேண்டும், ஆனால் அதற்கு முன்பே எந்தப் பொருளும் அதில் ஒட்டியிருக்கக் கூடாது என்று பார்த்தார்கள். பொருளைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம், பழைய பொருளைத்தான் துடைத்தெடுக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். கதிரியக்கத்துக்கான மூன்று இதழ்ப் படம் 1946இல் பெர்க்லியில் பிறந்தது. அறுபது வருடம் கழித்தும், தெரியாதவர் கண்ணுக்கு அது பூவாகவோ விசிறியாகவோதான் பட்டது. அதனால் சர்வதேச அணுசக்தி முகமையும் ஐஎஸ்ஓவும் 11 நாடுகளில் பலதரப்பட்ட மக்களிடம் காட்டிச் சோதித்து, 2007இல் புதிதாக ஒரு படம் கொண்டுவந்தன. கதிர், மண்டையோடு, ஓடும் மனிதன் மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதை வெளிச்சுவரில் ஒட்டக் கூடாது, கருவியின் உள்ளே, மூலப்பொருளுக்கு அருகே வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காயலான் கடையில் யாரோ அறியாமல் கருவியைப் பிரிக்கும்போது, சரியாக அந்த நேரத்தில் அது கண்ணில் பட வேண்டும். படம் என்ன என்பதற்குச் சமமாக அது எப்போது கண்ணில் படுகிறது என்பதையும் யோசித்திருக்கிறார்கள். நம் ஆலைகளில் அமிலப் படம் தொட்டிக்கு மேலே எட்டடி உயரத்தில் இருக்கிறது. கை நீளும் இடத்தில் இல்லை.

நான் அதிகம் அடித்துக் கொடுத்த படம் பச்சைத் தரையில் கதவை நோக்கி ஓடும் மனிதன். ஒசாகாவில் சென்னிச்சி அங்காடித் தீயில் 1972இல் 118 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு குமாமோட்டோவின் தையோ அங்காடித் தீயில் நூற்றுக்கு மேற்பட்டோர். அதன் பிறகு ஜப்பானியர்கள் எழுத்தை நம்பாமல் படத்துக்குப் போட்டி வைத்தார்கள். வந்தவற்றைப் புகைக்குள் வைத்துச் சோதித்தார்கள். யுகியோ ஓட்டா செதுக்கித் தந்த உருவம் எண்பதுகளில் உலகத் தரமாயிற்று. புகைக்குள் வைத்துச் சோதித்தார்கள் என்பதைத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் பெயிண்ட் ஷாப்பின் புகையில், பவுடர் கோட்டிங் தூசியில், கரன்ட் போன இருட்டில் என் போர்டுகள் தெரிகின்றனவா என்று யாராவது பார்த்திருக்கிறோமா?

வெளிநாட்டுக் கதை போதும். படம் வைத்துப் பேசுவதில் நம் மண் மிகப் பழையது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருமுறை போய் நிதானமாகப் பாருங்கள், உங்கள் பயிற்சி வகுப்பையே அங்கே வைக்கலாம். இந்த வட்டாரத்துக் கற்களில் வழக்கமாகக் காண்பது இது: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடம்பில் பாய்ந்த அம்பு. கீழே மாடு இருந்தால் ஆநிரைக்காக மடிந்தவன். பாயும் புலி இருந்தால் புலியோடு பொருது இறந்தவன். மேல்வரிசையில் தேவமகளிர் அவனைத் தூக்கிச் செல்வார்கள், அவன் சொர்க்கம் சேர்ந்தான். உச்சியில் சூரியனும் சந்திரனும் இருந்தால் அவை உள்ளவரை அவன் புகழ் நிற்கும். வளையலோடு உயர்த்திய தனிக் கை உடன்கட்டை ஏறிய பெண்ணைச் சொல்லும். பல கற்களில் எழுத்தே இல்லை. எழுத்து இருக்கும் கற்களில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. எழுத்து எந்த மொழியானாலும் அம்பும் மாடும் புலியும் மாறுவதில்லை. ஓசூர் அன்றும் இன்றுபோல் பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழ்ந்த நிலம்தானே.

அந்தப் படங்கள் எப்படிப் புரிந்தன? கல் தானாகவா பேசியது? தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பிடிப்பதிலிருந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஊரே கூட நின்றது. சின்னப் பிள்ளை அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்தது. 'அந்த அம்பு எதுக்கு?' என்று கேட்டது, பதில் கிடைத்தது. படத்துக்குப் பொருள் வந்தது அந்தக் கூட்டத்தில்.

கூட்டம் கலைந்தால் பொருளும் போய்விடும். பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை மேல் இரண்டு வீரர்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் யார், ஏன் தீட்டினார்கள் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. நடுகற்கள் பலவற்றை இன்று நம் ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். யாரோ ஒருவனின் சாவைச் சொன்ன கல் இன்று வரம் கொடுக்கும் சாமி. கல் அதேதான், வில்லும் அம்பும் அதேதான், படிக்கிறவர்கள் வேறு. இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊர் தன் கல்லுக்குப் புதுப் பொருள் கொடுத்துக்கொண்டது. ஆனால் உங்கள் அமிலத் தொட்டிக்கு மேலே இருக்கும் படத்துக்குத் தொழிலாளர்கள் தாங்களாகவே ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்துக்கொள்ள நாம் விட முடியாது.

மொழிக்கு வருகிறேன், சுருக்கமாக. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்துக்கு அது நல்ல விதி. இன்று ஒரு ஷிப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் கேட்கின்றன. பெரும்பான்மை மொழியில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் விட்டுப்போகிறவர் யார்? போன வாரம் ரயிலில் வந்து இறங்கியவர், கான்ட்ராக்டில் இருப்பவர், கேள்வி கேட்கத் தயங்குபவர். ஆபத்தான இடத்தில் பெரும்பாலும் நிற்பவரும் அவரே. மொழி இத்தனை இருப்பதால்தான் படம் போடுகிறோம் என்பீர்கள். படமும் ஒரு மொழிதான், அதையும் கற்றுக்கொடுத்தால்தான் வரும். இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று கட்டமாகப் படம் போட்டு இப்படிச் செய், பிறகு இப்படி, பிறகு இப்படி என்று காட்டும்போது எண்ணோ அம்புக்குறியோ போடாமல் விடாதீர்கள். உருதுவில் படித்துப் பழகிய கண் வலப்பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. அடுத்த பட்டியலை அனுப்புமுன், ஒட்டப்போகும் ஒவ்வொரு படத்தையும் தாளில் அச்சிட்டுச் சொல் எதுவும் இல்லாமல் லைனுக்குக் கொண்டுபோங்கள். புதிதாக வந்தவர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள், ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள், லோடிங் ஆட்கள் என்று தேடிப் பிடித்துத் தனித்தனியாகக் கேளுங்கள். 'இது என்னன்னு தெரியுமா?' என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் தலையாட்டுவார்கள். 'இதப் பாத்தா நீங்க என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க வேண்டாம். பதிலைத் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சில் நட்சத்திரம் வெடிப்பதுபோல் ஓர் உருவம் இருக்கிறதே, நாள்பட்ட உடல்நலக் கேட்டைக் குறிப்பது, அதை அவசியம் காட்டுங்கள். நெஞ்சிலிருந்து ஒளி வீசினால் அருள் என்பது நம் வீட்டுச் சாமி படங்களும், இயேசுவின் திருஇருதயப் படமும் பழக்கிய படிப்பு. பதில் எப்படி வரும் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

ஆடிட்டில் கேள்வி வரும் என்று நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. தரப் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், அதன் பக்கத்தில் இன்னொன்று வைப்போம். உங்கள் தொட்டி, உங்கள் ஆலைக் கையுறை, உங்கள் மெஷினின் அதே சிவப்புப் பட்டன், அதை அமுக்கும் ஒரு கை, இவற்றின் போட்டோவை எடுத்துத் தாருங்கள். அடையாளம் தெரிந்த பொருளைப் பார்த்தால் மூளை தேட வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் நம்பும் குறி ஒன்றுகூட வேண்டாம், வடிவமும் மாற வேண்டும். பொட்டலங்களில் அசைவ உணவின் பழுப்பு வட்டம் முக்கோணமாக மாறியது, நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் பச்சை வட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். வெளிறிப்போன, பாதி கிழிந்த, மெஷின் போன பிறகும் சுவரில் இருக்கும் பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுங்கள். அதற்கு ஆள் வேண்டுமானால் நானே வருகிறேன். எங்கும் ஸ்டிக்கராக இருந்தால் கண் எதிலும் நிற்காது.

பட்டியலை அனுப்பும்போது அந்தப் பதில்தாளையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தப் படத்துக்கு எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று இருந்தால் போதும், பெயர்கள் வேண்டாம். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நேர்மாறாகப் படித்த படம் எதுவானாலும் அதற்குத் துணைப் படம் வரைந்து தருகிறேன். வரைவதற்குக் கூலி வேண்டாம், வினைலுக்கும் அச்சுக்கும் மட்டும் கொடுங்கள். வரைந்ததை மறுபடியும் அதே ஆட்களிடம் காட்டிவிட்டு வந்து சொன்னால்தான் பிளாட்டரில் ஏற்றுவேன்.

அன்புடன்,
உங்கள் போர்டுக்காரர்,
ஓசூர்